மூன்றாவது ஜாக்கெட்

“இது மூணாவது ஜாக்கெட். ஒண்ணாவது வீட்டுக்கு வந்திருக்கா? காசு எங்கிருந்து வருது அவளுக்கு?”

போனை எடுத்தது நோயாளியின் அண்ணிக்காரி. கத்தவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் “சாரி, ராங் நம்பர்” என்று வைத்துவிட்டேன். மூன்று மாதமாக அதே குரலில் பேசிய நான் எப்படி ராங் நம்பர் ஆவேன்?

ஜாக்கெட் என் யோசனை இல்லை. எங்கள் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் மாத்திரை வாங்கும் தேதி தவறினால் கூப்பிடலாமா என்று சம்மதம் வாங்கியபோது அந்த அக்காவே சொன்னதுதான். “வேற யாராவது எடுத்தா டெய்லர்னு சொல்லிடுங்க. ஜாக்கெட் ரெடின்னு.” கணவர் போனபிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறார். போன் அவருடையதுதான், ஆனால் சமையலறை அலமாரியில் கிடக்கும், யார் கையிலும் இருக்கும். ஆஸ்பத்திரி என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரி என்பது. அவர் சம்மதம் இல்லாமல் தொற்றைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆக, நான் செய்தது சரிதான்.

சரிதானா? தாலி இழந்தவள் மாதம் ஒரு ஜாக்கெட் தைக்கிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. நோயை மறைக்கப் போய் வேறொரு பேரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சியில் கென்யாவைப் பற்றிச் சொல்வார்கள். வாரம் ஒரு குறுஞ்செய்தி, “மாம்போ?” என்று. சுவாஹிலியில் ‘என்ன சேதி’ என்கிற மாதிரி. நலம் என்றால் ‘சாவா’, பிரச்சினை என்றால் ‘ஷிடா’ என்று பதில் போட வேண்டும். பிரச்சினை என்றாலோ பதிலே வராவிட்டாலோ நர்ஸ் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் கூடினார்கள் என்று 2010இல் முடிவு வந்தது. தென்னிந்தியாவில் தானியங்கி அழைப்பும் படச்செய்தியும் வைத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. எனக்கு உறைத்தது அந்த ‘மாம்போ’தான். யார் படித்தாலும் வெறும் நலம் விசாரிப்பு. ஜாக்கெட் அப்படியில்லை, துணி எங்கே, கூலி எங்கே என்று கேட்க வைக்கும். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். ஆனால் அவர் வீட்டை என்னைவிட அவருக்குத்தானே தெரியும்?

பதினோரு நாள் கழித்து வந்தார். அத்தனை நாளும் மாத்திரை இல்லை. அந்தப் போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. “நம்பரை அழிச்சிடுங்க, நானே வந்துடறேன்” என்றார். அழித்தேன். அதிலிருந்து ஒரு தேதிகூடத் தவறவில்லை. எங்கள் கணக்கில் அவர் இப்போது நல்ல நோயாளி.

அன்றைக்குப் புது ஜாக்கெட் போட்டிருந்தார். பழைய சேலைக்குக் கொஞ்சமும் சேராத நிறம்.