அது வேற விஷயம் சார்

முப்பது வருடத்துக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தினேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளி. இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்று எல்லோரும் ஆசிரியர் அறையில் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் என்பதால் மதத்தைப் பற்றி அந்த மேஜையில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை நல்லிணக்கம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. டெல்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று விடிவதற்கு முன்பே கிளம்பிய செய்தி, பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்கப் பரவி, கடல் கடந்தும் போய்விட்டது. எங்கள் ஊர்க் கோயிலிலும் கையில் ஸ்பூனும் டம்ளருமாக வரிசை நின்றது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். சரி, செய்தே காட்டிவிடலாம் என்று வீட்டிலிருந்து அம்மிக் குழவியைக் கொண்டுபோனேன். பாலில் கொஞ்சம் கேசரி பவுடரைக் கலந்து, ஸ்பூனைச் சாய்த்து, பாலின் விளிம்பு கல்லைத் தொடும்படி பிடித்தேன். பால் மெல்ல இறங்கியது. ஸ்பூன் காலியானது. குழவியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு அடிவரைக்கும் ஓடியிருந்தது. பரப்பு இழுவிசை பாலைக் கல்லின் பக்கம் இழுக்கிறது, அப்புறம் புவியீர்ப்பு அதைக் கீழே கொண்டுபோகிறது. வெறும் வெள்ளைப் பாலாக இருந்தால் ஈரக் கல்லில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. டெல்லியில் அரசு விஞ்ஞானிகளும் பாலில் நிறம் கலந்துதான் இதைக் காட்டினார்கள்.

அன்று எனக்கு உற்சாகமாக உதவியவர் கணக்கு ஆசிரியர். தீவிரமான ஜெபக்கூட்டக்காரர். மெல்லிய துளை வழியாகத் திரவம் தானாக மேலேறும் நுண்புழை ஏற்றத்தையும் சேர்த்துக் கரும்பலகையில் படம் வரைந்து, என்னைவிட அழகாக விளக்கினார். கோபப்பட்டவர் வேதியியல் ஆசிரியர். டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடிவிட்டாலும், ஒத்த அளவு கிடைக்கும்வரை திரும்பச் செய்யச் சொல்லுகிறவர் அவர். "இத்தனை லட்சம் பேர் பார்த்தது பொய்யா? நேற்று குடித்தார், இன்றைக்குக் குடிக்கவில்லையே, உங்கள் இழுவிசை நேற்று மட்டும்தான் வேலை செய்ததா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். இன்றைக்கும் பால் இறங்குகிறது, நீங்களே பிடித்துப் பாருங்கள் என்று ஸ்பூனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அது வேற விஷயம் சார்" என்று வெளியே போய்விட்டார்.

பதினேழு வருடம் கழித்து, 2012இல், மும்பை வில்லே பார்லே பகுதியில் ஒரு மாதா கோயிலில் சிலுவையிலிருந்த இயேசுவின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜனங்கள் அதைத் தீர்த்தமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்து, அடைபட்ட வடிகாலின் தண்ணீர் நுண்புழை ஏற்றத்தால் சுவர் வழியாக ஏறி வருகிறது என்று சொன்னார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அவர்மேல் காவல்நிலையங்களில் புகார்கள் போயின. அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார்.

அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தவர் வேதியியல் ஆசிரியர். நுண்புழை ஏற்றத்தை அவர் விளக்கிய தெளிவு இன்றும் நினைவிருக்கிறது. கணக்கு ஆசிரியரோ தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அது வேற விஷயம் சார்."

வார்த்தை மாறாமல் அதே பதில். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருவரும் என் நண்பர்கள், இருவரும் நல்ல ஆசிரியர்கள். இருவருக்கும் நுண்புழை ஏற்றம் தெரியும். அடுத்தவர் கோயில் என்றால் அறிவு முழு வேகத்தில் ஓடுகிறது, சொந்த வாசற்படி வந்ததும் நின்றுவிடுகிறது.

புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் ஊசல் சோதனையில் விடை 9.8 வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். சிலர் முதலில் 9.8ஐ எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அலைவு நேரங்களைப் பின்னாலிருந்து நிரப்பி வருவார்கள். அவர்கள் மந்தமானவர்கள் அல்ல. அப்படிச் செய்யக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மத அடிப்படைவாதம் மூளைக்குள் நடத்துவதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். புத்தி கூர்மையாகவே இருக்கிறது, கடிகாரத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் குர்ட் வைஸ் என்பவர் ஹார்வர்டில், பரிணாம அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டிடமே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். பிரபஞ்சத்தின் சான்றுகள் எல்லாம் எதிராகத் திரும்பினாலும், பைபிள் சொல்வதாகத் தோன்றுவதால், கடவுளே உயிர்களைப் படைத்தார் என்னும் படைப்புவாதியாகவே இருப்பேன் என்று அவர் எழுதியிருக்கிறார். படிப்பைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வைத்திருந்த நம்பிக்கை அதைப் படித்தபோது ஆடிப்போனது.

பக்தியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தமிழாசிரியர் ஐந்து வேளையும் தொழுகிறவர். தக்காளியை வெட்டினால் உள்ளே இறைவன் பெயர் தெரிகிறது என்று யாரோ ஒருமுறை படம் காட்டினார்கள். "என் ஈமான் தக்காளியில் தொங்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பாடக் குறிப்பை எழுதப் போனார். ஒரு கேள்வியால் தன் கடவுள் விழுந்துவிடுவார் என்ற பயம் அவருக்கு இல்லை. பயம் இருக்கிற இடத்தில்தான் கேள்வி அவமானமாகத் தெரிகிறது. "எப்படி" என்று கேட்டால் "நீ யார்" என்று பதில் வருகிறது.

2017 மார்ச் 16 அன்று கோவையில் பாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடவுள் இல்லை என்று எழுதியதற்காக, அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்களே செய்த கொலை. முப்பத்தோரு வயது. குழந்தைகள் உண்டு. மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கும் வேதியியலும் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்: அந்த மதமே அப்படித்தான் என்று. தமிழாசிரியர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். புனேயில் 2013 ஆகஸ்டு 20 அன்று காலை நடைப்பயிற்சியில் சுடப்பட்ட நரேந்திர தபோல்கரை நான் நினைவுபடுத்தினேன். அவரும் மூடநம்பிக்கையை எதிர்த்ததற்காகத்தானே செத்தார் என்றேன். வேதியியல் ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அந்த மேஜையில் நான் சத்தம் போட்டது அன்று ஒருநாள்தான். 1995லேயே, ஸ்பூனை அவர் வாங்க மறுத்த அன்றைக்கே, பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நல்லிணக்கம் கெட்டுவிடும் என்று அத்தனை வருடமும் பேசாமல் இருந்தது என் தப்பு.

பணியின் கடைசி வருடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தேன். தாளின் இடப்பக்கம் நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்று, வலப்பக்கம் என்ன தெரிந்தால் அதை மாற்றிக்கொள்வீர்கள். மதம் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. பலர் வலப்பக்கத்தை வெறுமையாகவே தந்தார்கள், திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு பெண், இருட்டிய பிறகு முருங்கை மரத்தடிக்குப் போகக்கூடாது, பேய் பிடிக்கும் என்று இடப்பக்கம் எழுதியிருந்தாள். வலப்பக்கம், "ஒரு ராத்திரி நானே போய் நின்று பார்த்தால்". அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "அம்மா விடமாட்டாங்க சார்".