அஷ்டமிக் கணக்கு செல்லாத கடல்

கனடாவின் மேற்கே, வான்கூவர் தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள சூக் என்ற சிற்றூருக்குப் போய் இரண்டு நாள் மீன்பிடிப்பது என்று நானும் பருத்தித்துறைக்காரரான என் நண்பரும் கோடைக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். முதல் நாள் கோஹோ என்னும் வகைச் சால்மன், இரண்டாம் நாள் ஹாலிபட் என்பது திட்டம். செப்டம்பர் பிற்பகுதியில் எந்த நாள் என்று குறிப்பதில்தான் முதல் பிழை நேர்ந்தது, அதைச் செய்தவன் நான்.

ஹாலிபட் கடலடி மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கும் மீன். இரை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நீரோட்டம் வலுத்தால் ஈயக்குண்டு அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் அளவு, குறைவாக உள்ள நாள் வேண்டும். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற தைரியத்தில், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கும், அஷ்டமியை ஒட்டி அடங்கும் என்று சொல்லி, அஷ்டமியன்றே படகு கேட்போம் என்றேன். நண்பரின் மனைவி, "அட்டமி நவமியிலையோ அண்ணை கடலுக்குப் போகப் போறியள்?" என்று கேட்டதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

படகுக்காரர் தொலைபேசியிலேயே மறுத்துவிட்டார். விக்டோரியா நகரை ஒட்டிய அந்தக் கடலில் பல நாள்களில் ஒரே ஒரு பெரிய ஏற்றமும் ஒரே ஒரு பெரிய இறக்கமும்தான் உண்டு என்றும், அதன் அளவைத் தீர்மானிப்பதில் பிறையைவிட, நிலவு பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கே பெரும்பங்கு என்றும் அவர் விளக்கினார். இரவும் பகலும் சமமாகும் செப்டம்பர் பிற்பகுதியில் அமாவாசை நிலவு நடுக்கோட்டை ஒட்டி நிற்கும், அஷ்டமி நிலவோ மிகவும் விலகிப் போயிருக்கும். எங்கள் ஊர்க் கணக்கு அங்கே அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அவர் ஓதப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்த நாள்கள் அமாவாசையும் அதற்கு அடுத்த நாளும். நண்பரின் மனைவிக்கு அதில் மிகுந்த திருப்தி.

வான்கூவருக்குத் தெற்கேயுள்ள ட்சவாசன் துறையிலிருந்து ஸ்வார்ட்ஸ் பே வரை காரோடு கப்பலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து விக்டோரியா வழியாகச் சூக் வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். ஊரின் பெயர் அங்கே வாழும் ட்ஸூக் முதற்குடி மக்களின் பெயரிலிருந்து வந்தது. எதிரே ஹுவான் டி ஃபூகா நீரிணை, அதற்கு அப்பால் அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைகள். உரிமங்களை இணையத்திலேயே வாங்கியிருந்தோம். கடல்நீர் மீன்பிடிப்புக்கு ஆளுக்கு ஓர் உரிமம், சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதோடு ஒரு முத்திரைக் கட்டணம். ஹாலிபட் பிடித்தால் அதன் நீளத்தை அந்த இடத்திலேயே உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் விதி.

முதல் நாள் விடியலில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபோது மூடுபனியில் படகின் மூக்கே தெரியவில்லை. ராடார் திரையைப் பார்த்தபடி மெல்ல மேற்கே நகர்ந்து, ஓட்டர் முனைக்கு எதிரே வந்ததும் படகுக்காரர் விசையைக் குறைத்தார். கோஹோக்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கடலில் மேய்ந்துவிட்டு, தாம் பிறந்த ஆறுகளைத் தேடி இலையுதிர் காலத்தில் இந்த நீரிணை வழியாகத்தான் திரும்புகின்றன. ஃப்ரேசர் ஆற்றுக்கும் அமெரிக்கப் பக்கத்து ஆறுகளுக்கும் போகும் மீன்கள் இங்கே ஒன்றாக வருகின்றன. ஆற்று நீருக்குள் புகுந்ததும் தீனியை நிறுத்திவிடுமாதலால், அதற்கு முன் கண்ணில் படுவதையெல்லாம் விழுங்கிக் கொழுக்கும் பருவம் இது.

தூண்டில் போடும் முறை எனக்குப் புதிது. படகின் பின்புறத்தில் டவுன்ரிக்கர் என்னும் சிறு பளுவிறக்கி இருக்கிறது. எஃகுக் கம்பியின் முனையில் தேங்காயைவிடச் சற்றுச் சிறிய ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கவ்வியால் அந்தக் கம்பியோடு பிணைத்து வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டு, நடக்கும் வேகத்தில் படகைச் செலுத்துகிறார்கள். இரைக்கு முன்னால் முழ நீளத் தகடு ஒன்று சுழன்று மின்னிக்கொண்டே வரும். அந்த மினுக்கத்துக்கு மயங்கி வரும் மீன், பின்னால் வரும் இரையைக் கவ்வும். கவ்விய வேகத்தில் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட, வளைந்திருந்த கோல் சட்டென நிமிரும். அப்போது பாய்ந்து எடுக்க வேண்டும்.

கோல் நிமிர்ந்தது, நான் பாய்ந்தேன். அங்கே பயன்படும் ரீல் பற்சக்கரம் இல்லாத பழைய பாணி ரீல். மீன் ஓடினால் கைப்பிடியும் அதே வேகத்தில் பின்னோக்கிச் சுழலும். விரல்முட்டியை உடைப்பது என்ற பொருளில் உள்ளூர்க்காரர்கள் அதற்கு ஒரு செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். படகுக்காரர் முன்பே எச்சரித்திருந்தும், மீன் ஓடத் தொடங்கியபோது கைப்பிடியை விடாமல் பற்றப் போய், வலக்கை நடுவிரல் முட்டியில் வாங்கிய அடி இரண்டு வாரம் கறுத்துக் கிடந்தது. கையை உதறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கோஹோ மூன்று முறை நீருக்கு மேலே துள்ளியது.

வலையில் ஏந்தியதும் படகுக்காரர் முதலில் பார்த்தது முதுகைத்தான். சால்மனின் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே சுண்டுவிரல் நுனியளவில் சதைக் கொழுந்து ஒன்று உண்டு. அதைக் கொழுப்புத் துடுப்பு என்பார்கள். பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடும் குஞ்சுகளுக்கு அதை வெட்டி அடையாளம் செய்துவிடுகிறார்கள். நாங்கள் போன நாளில் அந்தப் பகுதியில் அது வெட்டப்பட்ட கோஹோவை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. எங்கள் மீனுக்குத் துடுப்பு முழுதாக இருந்தது. அது காட்டு மீன். எதிர்முள் இல்லாத தூண்டிலையே சால்மனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருப்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. ஒரு திருகில் கழன்று மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. அதை விடுவதற்கு முன், அதன் வாயை எங்களுக்கு ஒரு கணம் காட்டினார். பல் முளைக்கும் ஈறு வெளிறி இருந்தால் கோஹோ. ஈறும் கறுத்திருந்தால் சினூக் என்னும் வேறொரு வகைச் சால்மன். வெள்ளி மின்னும் உடலை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய என்னைப் போன்றவர்களால் முடியாது.

மதியத்துக்குள் ஒன்பது கோஹோக்கள் ஏறின, வெட்டுப்பட்டவை மூன்றே. பனி விலகிய பின் தொலைவில் இரண்டு கறுந்துடுப்புகள் தெரிந்தன. ஓர்கா என்னும் கொலையாளித் திமிங்கிலங்கள். படகுக்காரர் உடனே நரம்புகளைச் சுற்றி எடுத்துப் படகை விலக்கிக்கொண்டு போனார். சினூக்கையே பெரிதும் நம்பி வாழும் அந்தத் தெற்கத்திய ஓர்காக் கூட்டத்தின் எண்ணிக்கை எண்பதுக்கும் கீழே இறங்கிவிட்டதால், நெருங்கும் தொலைவுக்கு அப்போது 400 மீட்டர் என்று வரம்பு இருந்தது. அருகில் போய்ப் படம் எடுக்க வேண்டுமென்று எனக்கு ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் முற்றிலும் வேறு வேலை. கடலடியில் மேடிட்ட ஓரிடத்தில், ஏறத்தாழ 240 அடி ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சினோம். இடத்தை எழுத வேண்டாம் என்று படகுக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நம் ஊரிலும் மீன்பாட்டுள்ள பாரின் அடையாளத்தை யாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். நங்கூரக் கயிற்றில் பெரிய ஆரஞ்சு நிற மிதவை கட்டியிருந்தது. வலுத்த மீன் பட்டால் கயிற்றை மிதவையோடு கழற்றிவிட்டு மீன் போகும் வழியில் படகும் போகும். இரைக்குப் பெரிய ஹெர்ரிங் மீன், அதோடு முந்தைய நாள் கோஹோவின் வயிற்றுச் சதைத் துண்டு, அவற்றைத் தரையில் இருத்த ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஈயம்.

பிறகு காத்திருப்பு. நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நரம்பு சாய்ந்தே நின்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்ததெல்லாம் முதுகில் முள்ளுள்ள சிறு சுறாக்கள். இரையைத் தின்று, நரம்பைத் தம் சொரசொரத்த தோலில் தேய்த்து, 240 அடியையும் மேலே சுற்ற வைத்து, கடைசியில் முகத்தைக் காட்டும். நான்கு முறை சுற்றிய பின் என் தோள் விட்டுப்போயிற்று. நீண்ட அலையில் நங்கூரத்தில் கட்டுண்டு ஆடும் படகு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் தின்ற இரண்டு இட்லிகளும் ஹுவான் டி ஃபூகாவுக்கே போயின.

நீர் நின்றது. சாய்ந்திருந்த நரம்புகள் ஒவ்வொன்றாகச் செங்குத்தாயின. படகு கயிற்றை இழுப்பதை விட்டுவிட்டுத் தன்போக்கில் திரும்பத் தொடங்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஓட்டம் மறையும் அரைமணி நேரம் அது. நண்பரின் கோல் இரண்டு முறை மெல்லத் தலையாட்டி, பிறகு நீர்வரை வளைந்தது. அவசரப்படாமல், இரையை முழுதாக விழுங்கவிட்டு அவர் தூக்கினார். அம்மிக்கல்லைக் கயிற்றில் கட்டி இழுப்பது போல முதலில் வெறும் பாரம். பாதி தூரம் வந்ததும் அந்த அம்மிக்கல் மீண்டும் அடித்தரைக்கே பாய்ந்தது. மூன்று முறை அப்படி. இருபத்தைந்து நிமிடம் கழித்து, பச்சை நீருக்கடியில் பாய் விரித்தாற்போல ஒரு பழுப்பு நிழல் எழுந்து வந்தது.

படகுக்காரர் அதைத் தொடவில்லை. அளவு குறித்த ஒரு நீண்ட கழியை நீரில் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். 131 செ.மீ. அப்போதைய உச்ச வரம்பு 126. நண்பர் என்னைப் பார்த்து, "ஐஞ்சு சென்டிமீற்றர்தானே!" என்றார். ஏறக்குறைய முப்பது கிலோ மீன் அது. நீண்ட கொக்கியால் தூண்டில் கழற்றப்பட்டது. ஒரு கணம் அப்படியே மிதந்துவிட்டு, உடலை ஒருமுறை அலையாய் நெளித்து ஹாலிபட் மறைந்தது. இந்த அளவுக்கு வளர்பவை பெரும்பாலும் பெண் மீன்கள். 23 கிலோ எடையுள்ள பெண் ஹாலிபட் 5 இலட்சம் முட்டை வரை இடும், 110 கிலோ உள்ளதோ 40 இலட்சம் இடும் என்னும்போது, பெரியதை விட்டுவிடச் சொல்லும் விதியில் நியாயம் இருக்கிறது. 1923-இலேயே கனடாவும் அமெரிக்காவும் இந்த ஒரு மீனுக்காக உடன்படிக்கை செய்துகொண்டு ஆணையம் அமைத்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே, வடக்கே அலாஸ்கா கரையிலுள்ள டிலிங்கிட் மக்கள் மரத்தில் செதுக்கிய தூண்டில், வாய் சிறியதான குஞ்சும் கவ்வ முடியாமல், வாய் மிகப் பெரியதும் கவ்வ முடியாமல், நடுத்தர மீன் மட்டுமே மாட்டும் அமைப்புடையது. இன்று அளவுகோல் செய்யும் வேலையை அங்கே தூண்டிலே செய்தது. நண்பரிடம் இதையெல்லாம் அப்போது சொல்லவில்லை. சொல்லும் நேரம் அதுவல்ல.

நீர் மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் என் கோலில் ஒன்று பட்டது: 83 செ.மீ., ஏழு கிலோ இருக்கும். ஈரக் கையோடு உரிமத்தில் நீளத்தை எழுதினேன். படகில் கிடந்த அதை நெருங்கிப் பார்த்தபோது, இரண்டு கண்களும் வலப்பக்கத்தில் அருகருகே இருந்தன. குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒன்றாக இருந்து, பிறகு இடக்கண் தலையைச் சுற்றி வலப்பக்கம் வந்துவிடுகிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் இதே இனச் சாயலில் எருமை நாக்கு என்று ஒரு மீன் கிடைக்கும். தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன அந்த மீனுக்கு 1801-இல் அறிவியல் பெயர் சூட்டியபோது எருமை என்ற நம் சொல்லையே லத்தீன் எழுத்தில் வைத்துவிட்டார்கள். இன்றும் அதன் பெயர் செட்டோடெஸ் எருமெய். அதில் இடம்பெயரும் கண் முதுகு விளிம்போடு நின்றுவிடும், ஹாலிபட்டில் போல முழுதாகத் தாண்டி வராது.

துறையிலுள்ள மேசையில் படகுக்காரர் ஹாலிபட்டை மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பாளங்களாக அரிந்து கொடுத்தார். கன்னத்துச் சதையைத் தனியாகத் தோண்டி எடுத்துத் தந்து, அதை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார். கொழுப்பே இல்லாத சதை அது. புளிக்குழம்பில் இறக்குவதற்கு நான்கு நிமிடம் முன்னால் போட்டால் வெண்ணெய் போல இருக்கும், பத்து நிமிடம் கொதித்தால் பஞ்சுதான். முதல் சட்டியை நான் பஞ்சாக்கினேன். கோஹோவுக்கு அந்தப் பயம் இல்லை. மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவித் தோசைக்கல்லில் வறுத்தபோது அதன் கொழுப்பிலேயே வெந்தது.

கன்னத்துச் சதையை நண்பர் வீட்டில்தான் சமைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே அவர் அடுத்த ஆண்டு ஓதப் பட்டியலைத் திறந்து செப்டம்பரைத் தேடினார். அவர் மனைவி பக்கத்தில் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.