திருவொற்றியூர் – சிங்கப்பூர்: நாலு மணி நேர விமானம், பதினோரு மணி நேரப் பயணம்

காலடிப்பேட்டையிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ முதல்முறை சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவரிடம் "நாலு மணி நேரம்தானே" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அது விமானத்துக்கு மட்டும் உள்ள கணக்கு. சென்னைக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் ஆகாய வழியில் சுமார் 2,900 கி.மீ. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் சேர்த்து நாலு முதல் நாலே கால் மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரம். இங்கே இரவு 11.30க்கு ஏறி, அங்கே காலை 6.10க்கு இறங்கினால் 6 மணி 40 நிமிடம் போலத் தெரியும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அதைக் கழியுங்கள், 4 மணி 10 நிமிடம். திரும்பி வரும்போது அங்கே இரவு 8.00, இங்கே 9.40, இப்போது இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

பலர் விமானத்தைத் தவறவிடுவது தேதியில்தான். 15ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போனால் விமானம் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவின் நீல வழித்தடம் நேராகப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். சென்ட்ரலில் கோயம்பேடு பக்கம் போகும் பச்சைத் தடத்துக்கு மாறிவிடாதீர்கள். காரில் போனால் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ கிடையாது. விடியற்காலை விமானம் என்றால் கடைசி ரயிலிலேயே போய்க் காத்திருப்பது நல்லது.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. சாங்கியில் குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு, மெட்ரோ ரயிலில் எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் முக்கால் மணி நேரம். அந்த 11.30 விமானத்துக்கு மாலை ஆறரைக்கு வீட்டை விட்டவர், நம்மூர் நேரம் காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்வார்.

இனி பழக வேண்டியது அந்த ஊர்க் கடிகாரம். சூரியனின்படி இரண்டு ஊருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சிங்கப்பூர் தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கிறது. 1981 வரை நம்மைவிட இரண்டு மணி முந்தியிருந்தது, 1982 ஜனவரி 1 முதல் இரண்டரை. அதனால்தான் அங்கே காலை 7 மணிக்குத்தான் வெளிச்சம் வரும். முதல் வாரம் ஆறு மணி இருட்டில் வேலைக்குக் கிளம்புவது மனதுக்குக் கனமாக இருக்கும், உடம்பும் ஒத்துழைக்காது. அம்மா சாப்பிட்டு ஓய்ந்து 9 மணிக்கு அழைத்தால் அங்கே இரவு பதினொன்றரை; காலை ஷிஃப்ட்காரருக்குத் தூக்கம் போய்விடும். நீங்களே அங்கே 10 மணிக்கு அழையுங்கள். வீட்டில் அப்போது ஏழரை, எல்லாரும் விழித்திருப்பார்கள்.