ரத்தம் நிற்காதவருக்கு ஹெபாரின்

மழைக்காலத்தில் சென்னையில் யாருக்காவது பிளேட்லெட் குறைந்தால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே டெங்கு என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் ரத்தவியல் பிரிவுக்கு வந்த அந்தப் பெரியவரும் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் எல்லாம் குடித்துவிட்டுத்தான் வந்தார். காய்ச்சலே இல்லாத டெங்கு! பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. தொடையிலும் முன்கையிலும் கன்றிய திட்டுகள். வயது எழுபதுக்கு மேல், இளமையிலிருந்தே பீடி.

பிளேட்லெட் 60,000. ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபைப்ரினோஜென், டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். குறைந்தது 200 இருக்க வேண்டும். உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சுகிற டி-டைமர் எக்கச்சக்கம். ரத்தம் உறைவதற்கான பொருட்கள் உடலுக்குள் எங்கேயோ செலவாகிக்கொண்டிருக்கின்றன என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிட்டது. டி.ஐ.சி. என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கிருமித் தொற்றில் வரும் டி.ஐ.சி. ஆளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். இவரோ நடந்து வந்து, உட்கார்ந்து, காபி கேட்டார். நாள்பட்டது என்றால் முதலில் புற்றுநோயைத் தேடுவோம். புராஸ்டேட், வயிறு, எலும்பு மஜ்ஜை எதிலும் ஒன்றும் இல்லை. தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்தபோதுதான் துடிக்கிற வீக்கம் தட்டுப்பட்டது. இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய மகாதமனி, சி.டி. ஸ்கேனில் 6.5 சென்டிமீட்டர்.

அகலமாகிப்போன வாய்க்காலில் தண்ணீர் ஓரங்களில் சுழன்று தேங்கும் இல்லையா, அனியூரிசம் என்கிற இந்த வீங்கிய பைக்குள்ளும் ரத்தம் அப்படித்தான். உள்சுவரில் ரத்தக்கட்டி படிகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் ஓயாமல் உருவாகி, பிளேட்லெட்டையும் ஃபைப்ரினோஜெனையும் தின்றுகொண்டிருக்கிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையும் கூடவே நடக்கிறது. கரைப்பு ஓங்கிவிட்டால் ஈறிலும் தோலிலும் ரத்தம் கசியும். அனியூரிசம் உள்ள பலருக்கு டி-டைமர் கூடுதலாகத்தான் இருக்கும். இவ்வளவு தூரம் போவது சிலருக்குத்தான்.

முதலில் பிளேட்லெட்டும், ஃபைப்ரினோஜென் செறிந்த கிரையோபிரெசிபிடேட்டும் ஏற்றினோம். எண்ணிக்கை ஏறியது, மறுநாள் பழைய இடத்துக்கே இறங்கியது. செலவாகும் இடத்தை அடைக்காமல் ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹெபாரின் தொடங்கலாம் என்றேன். அவருடைய மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏற்கெனவே ரத்தம் நிக்கல, இதுல ரத்தத்த இளக்குற ஊசியா டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆனால் உள்ளே உறைவதை ஹெபாரின் தடுத்தால்தான் பொருட்கள் செலவாவதும் நிற்கும். வார்டு சிஸ்டரும் ஆர்டரைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார். அவர் செய்ததும் சரிதான். அப்படிக் கேட்கிற சிஸ்டர் இருப்பது பெரிய பலம்.

குறைந்த அளவில், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஆரம்பித்தோம். ரத்தக்கசிவு கூடினால் நிறுத்திவிடலாம், ஓரிரு மணி நேரத்தில் வீரியம் பெருமளவு குறைந்துவிடும், முறிக்க புரோட்டமின் இருக்கிறது. டிரானெக்ஸாமிக் ஆசிட் மட்டும் போதாதா என்று ஜூனியர் மருத்துவர் கேட்டார். கரைப்பை மட்டும் தடுத்துவிட்டு உறைவதை அப்படியே விட்டால், ரத்தக்கட்டி சிறுநீரகத்தையோ காலையோ அடைக்கலாம். ஹெபாரினோடு சேர்த்துக் கொடுக்க இடம் உண்டு, தனியாக வேண்டாம் என்பது என் கட்சி. சில நாட்களில் ஃபைப்ரினோஜென் 200-ஐத் தாண்டியது. ஈறு காய்ந்தது.

மூலத்தைச் சரிசெய்வதுதான் உண்மையான வைத்தியம். தொடைத் தமனி வழியாக, துணி போர்த்திய கம்பிக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்ட்டைச் செலுத்தி வீக்கத்தை உள்ளிருந்தே மூடிவிடலாம். 1990-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் ரத்தநாள அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி முதன்முதலில் செய்தது, இப்போது நம் ஊரிலும் சகஜம். அதன் பிறகு பலருக்கு எண்கள் தாமாகவே தேறும். கிராஃப்ட்டைச் சுற்றி ரத்தம் மறுபடி பைக்குள் கசிந்தால் பழைய கதை திரும்பும். இவருக்கோ வீக்கம் சிறுநீரகத் தமனிகள் வரை ஏறியிருந்தது, வழக்கமான கிராஃப்ட் பிடித்து நிற்க இடமில்லை. வயிற்றைத் திறக்கலாம் என்றால் பீடி அரித்த நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்காது.

அதனால் ஊசியோடு வீட்டுக்கு அனுப்பினோம். வயிற்றுத் தோலுக்கடியில், ஹெபாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபரின். போடுவது மகள்தான். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துத்தான் அளவு. பிளேட்லெட் மறுபடி இறங்கினால் நோயா, ஹெபாரினே செய்கிற கோளாறா என்று பிரித்தறிய வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபான் மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார் ரத்தநாள அறுவை மருத்துவர். சிலருக்கு அது பலன் தந்ததாகக் கட்டுரைகள் உண்டு. எண்கள் நிலையாக இருக்கும்போது மாற்ற எனக்கு மனமில்லை.

எனக்குக் கவலை வேறு. ரிப்போர்ட் நன்றாக வரவர வீட்டில் நோய் குணமாகிவிட்டது என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். ஹெபாரின் ரத்தத்தைத்தான் சமாதானப்படுத்துகிறது. தமனிச் சுவரைத் தொடுவதில்லை. பை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் மகளிடம் சொல்கிறேன். சென்ற முறை பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரியவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, பிடுங்கலாமா என்று கேட்டார். பல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, ஊசியை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று குறித்துக் கொடுத்தேன்.