குவாதலூப்: எரிமலைப் பக்கம் ஒரு நாள்

கரீபியன் தீவான குவாதலூப் போய்வந்த நண்பர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கடற்கரை என்பார்கள். அடுத்து? இன்னொரு கடற்கரை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடலின் நிறம் அப்படி. ஆனால் இந்தத் தீவு இரண்டு துண்டு. கிழக்கே கிராந்த்-தேர், தட்டையான சுண்ணாம்பு நிலம், கரும்பு வயல், வெள்ளை மணல், ஹோட்டல் வரிசை. மேற்கே பாஸ்-தேர், மலையும் மழைக்காடும் வாழைத் தோட்டமும், உச்சியில் இன்னும் புகைவிடும் ஓர் எரிமலையும். நடுவே ஒரு குறுகலான உப்புநீர் ஓடை. பாலம் ஏறி இறங்கினால் வேறு ஊர், வேறு வானிலை.

பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் போல அட்லாண்டிக் மேல் பறந்து போய் இறங்கினால், இறங்குகிற இடமும் பிரான்ஸ்தான். 1946 முதல் குவாதலூப் அதன் ஒரு மாவட்டம். அதே யூரோ, அதே தபால் பெட்டி, அதே பாகெட் ரொட்டி. வெயிலும் கிரியோல் என்ற உள்ளூர்ப் பேச்சும்தான் வேறு.

நாங்கள் தங்கியிருந்தது கிராந்த்-தேர் பக்கத்துக் கோசியேவில். பாஸ்-தேரைச் சுற்றிப்பார்க்க மூன்று வழி இருந்தது. வாடகைக் கார், ஐம்பது பேர் ஏறும் டூர் பஸ், அல்லது தனி வழிகாட்டி. மலைப்பாதையில் வண்டியும் ஓட்டி வேடிக்கையும் பார்க்க என்னால் ஆகாது. டூர் பஸ்ஸில் போனால், பிடித்த இடத்தில் பத்து நிமிடம், பிடிக்காத ரம் கடையில் ஒரு மணி நேரம். அதனால் மூன்றாவது. விலை குறைவில்லை, எங்கள் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கும் காசு. மனைவி புருவத்தை உயர்த்தினாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழிகாட்டிக்கு அறுபதை ஒட்டிய வயது. சொந்த வண்டி. எரிமலையின் சரிவில் இருக்கும் சேன்-குளோத் ஊரில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் ராத்திரி போன் செய்து, "அருவியா, எரிமலையா, கடலா, உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். எல்லாமும்தான் என்றேன். "சரி முசியே, அப்படியென்றால் ஏழு மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஏழரைக்கு மேல் பாலத்தில் டிராஃபிக்" என்று வைத்துவிட்டார்.

பாலம் தாண்டித் தெற்கே திரும்பினால் கப்பெஸ்தேர் என்ற ஊர் வரை வாழைதான். காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு வாழையில் என்ன புதுசு என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மனிதர் வண்டியை ஓரம் கட்டி, "இறங்குங்கள்" என்றார். வரப்போரம் நின்று பார்த்தோம். ஒவ்வொரு தாருக்கும் ஒரு நீலப் பிளாஸ்டிக் பை, மேலே காம்போடு கட்டிக் கீழே திறந்து விட்டிருந்தது. பூச்சி அண்டாமல், இலை உரசாமல், காய் ஒரே சீராக முற்றுவதற்கு. காம்பில் ஒரு கலர் ரிப்பன் வேறு. பை கட்டிய வாரத்துக்கு ஒரு நிறம். வெட்டுகிறவர்கள் ரிப்பனைப் பார்த்தே எந்தத் தார் தயார் என்று சொல்லிவிடுவார்களாம். பழமாகிற வரை மரத்தில் விடுவதில்லை. பச்சையாகவே பெட்டிக்குள் போய், கப்பலில் ஐரோப்பாவுக்குப் போகிறது. பாரிஸ் சூப்பர் மார்க்கெட்டில் நான் வாங்குகிற பழத்துக்கு இந்தச் சரிவுதான் தாய்வீடாக இருக்கலாம்.

அப்புறம் அவர் காலால் மண்ணைத் தட்டிக் காட்டிச் சொன்னதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு இங்கேயும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலும் 1972 முதல் குளோர்டிகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். அமெரிக்காவில் எழுபதுகளின் நடுவிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பிரான்ஸ் 1990-ல் தடை செய்தது, ஆனால் இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து 1993 வரை ஓட்டினார்கள். அது மண்ணை விட்டுப் போகாது, போக நூற்றாண்டுக் கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். ஆறு வழியாகக் கடலுக்கும் போய்விட்டதால் சில பகுதிகளில் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. இரண்டு தீவுகளிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருப்பதாக அரசாங்க ஆய்வே சொல்கிறது. வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் யாரையும் விசாரணைக்கு நிறுத்தாமல் முடித்துவைத்தார்கள்.

"அப்படியென்றால் வாழைப்பழம்?" என்றாள் மனைவி.

"மதாம், பழத்துக்கு ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளைவதுதான் சிக்கல். சேம்பு, சர்க்கரைவள்ளி, எங்கள் ஏழைச் சாப்பாடு எல்லாம். என் அம்மா வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கிழங்கை நான் இப்போது போடுவதில்லை."

குரலை உயர்த்தாமல் சொன்னார். பணம் கொடுத்துச் சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லத் தேவையே இல்லை. அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அதே கப்பெஸ்தேரில்தான் சாங்கி கோயில். ரோட்டிலிருந்தே வண்ணச் சுதைச் சிற்பங்கள் தெரிகின்றன. மாரியம்மன் கோயில். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. 1854 டிசம்பரில் முதல் கப்பல் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1880-களின் கடைசி வரை சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்களில் தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்தான். நிறையப் பேர் இங்கேயே நோயிலும் வேலையிலும் மாண்டார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயரோடு, பிரெஞ்சும் கிரியோலும் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். இவர்களுக்கு வாக்குரிமை கேட்டு இதே ஊர்க்காரரான ஆன்ரி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் முடிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. ஞாயிறு காலை மாதா கோயில், பூசை நாளில் இங்கே, இரண்டும் வீட்டுப் பழக்கம் என்றார். பூசைக்கு மத்தளம் உண்டு, தமிழ்ப் பாட்டு உண்டு. பாடுகிறவர்கள் தாத்தாவிடம் கேட்டுக் கற்றதை எழுத்துக்கூட்டிப் பிரெஞ்சு நோட்டில் வைத்திருக்கிறார்கள். கிடா வெட்டி, ஆட்டுக்கறி கொலம்போ (இந்த ஊர் மசாலாக் குழம்பு) வைத்து, ஊருக்கே வாழை இலையில் சாப்பாடு. "நீங்கள் ஆகஸ்டில் வந்திருக்கலாமே, இப்படி வெறும் நாளில் வந்து நிற்கிறீர்களே" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். எங்கள் வழிகாட்டி கறுப்பினத்தவர். ஆனால் அவர் மனைவி வழியில் இந்தக் கோயிலுக்குச் சொந்தம் உண்டு என்பதால் பாட்டியிடம் அவருக்குத் தனி வசவு கிடைத்தது, ரொம்ப நாளாக எட்டிப் பார்க்கவில்லை என்று.

கர்பே அருவியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. படங்களில் பார்ப்பது போலவேதான் இருக்கிறது. மூன்று அருவிகள், எல்லோரும் போவது இரண்டாவதுக்கு, 110 மீட்டர் உயரம். கார் நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிட நடை, காடு வழியாக நல்ல பாதை. பாறை சரிவு காரணமாக அடிவாரம் வரை விடுவதில்லை, மேடையில் நின்று பார்க்கலாம். 1493-ல் கொலம்பஸ் கடலிலிருந்தே இந்த அருவியைப் பார்த்து வியந்ததாகச் சொல்வார்கள். திரும்பி வரும்போது வழிகாட்டி வேறு ஒன்றைச் சொன்னார். இவ்வளவு தண்ணீர் கொட்டுகிற தீவில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். குழாய்கள் பழையவை, வழியிலேயே ஒழுகிப் போகிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் இல்லை என்று அட்டவணை வெளியாகும். அவர் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி கட்டியிருக்கிறார். இது நமக்குப் பழகிய கதைதானே என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்து தீவின் தென்முனையைச் சுற்றி சேன்-குளோத். இது அவர் ஊர், அதனால் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. மேலே மத்தூபா என்ற இடம். பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் அடிமைகளை விடுவித்தது. நெப்போலியன் 1802-ல் படையை அனுப்பி அவர்களை மறுபடி அடிமையாக்கினான். எதிர்த்து நின்றவர் லூயி தெல்கிரெஸ் என்ற ராணுவ அதிகாரி. சுற்றி வளைக்கப்பட்டதும், 1802 மே 28 அன்று, சரணடையாமல் இதே மத்தூபாவில் சுமார் முந்நூறு பேரோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். கீழே பாஸ்-தேர் நகரத்துக் கோட்டைக்கு இப்போது அவர் பெயர்தான். இரண்டாவது தடவை விடுதலை கிடைக்க இன்னும் 46 வருஷம் ஆனது.

சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். கரீபியனின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிற்றண்டிலிஸ் தீவுகளிலேயே உயரம். உச்சி எங்களுக்குத் தரிசனம் தரவில்லை, மேகம். ஏறுகிறவர்கள் 'மஞ்சள் குளியல்' என்று பெயர் வைத்த இடத்திலிருந்து தொடங்குவார்கள். அங்கே கல்லால் கட்டிய ஒரு சின்னத் தொட்டியில் மலையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வந்து நிறைகிறது. ஏறி இறங்கிய பிள்ளைகள் ஷூவை மட்டும் கழற்றிவிட்டு உடுப்போடு உள்ளே கிடந்தார்கள். நாங்களும் முழங்கால் வரை இறங்கி, விளிம்பில் உட்கார்ந்தோம். அங்கேதான் வழிகாட்டி 1976-ஐப் பற்றிச் சொன்னார்.

அவருக்கு அப்போது பத்து வயது. ஜூலையில் மலை வெடித்துச் சாம்பல் கொட்டியது, பகலில் இருட்டியது. ஆகஸ்ட் நடுவில் காலி செய்யச் சொல்லி உத்தரவு. எழுபதாயிரம் பேருக்கு மேல், கையில் கிடைத்ததோடு கிராந்த்-தேர் பக்கம் போனார்கள். "அம்மா தையல் மெஷின் இல்லாமல் வர மாட்டேன் என்று விட்டாள். லாரியில் எங்களுக்கு முன்னால் மெஷின் ஏறியது." ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. மெஷின் இருந்ததால் அம்மாவுக்கு அங்கேயும் வேலை கிடைத்ததாம். இதற்கிடையே பிரான்சின் பெரிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் பேப்பரிலும் டிவியிலும் சண்டை போட்டார்கள். ஆபத்து என்றார் குளோத் அலெக்ர். ஒன்றும் வராது என்றார் ஆரூன் தாசியெஃப். பயந்த பெரிய வெடிப்பு கடைசி வரை வரவில்லை. டிசம்பரில் வீடு திரும்பினார்கள். ஆனால் பாஸ்-தேர் நகரத்துக் கடைக்காரர்கள் பலர் கிராந்த்-தேர் பக்கத்துப் பெரிய ஊரான புவாந்த்-ஆ-பித்ரிலேயே தங்கிவிட்டார்கள். தலைநகரம் என்ற பெயர் மட்டும் இங்கே மிஞ்சியது, வியாபாரம் அங்கே போனது.

வீணாகக் கிளப்பிவிட்டார்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "1995-ல் பக்கத்துத் தீவு மோன்செராட்டில் எரிமலை எழுந்தது. அவர்கள் தலைநகரம் இப்போது சாம்பலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கப்புறம் நான் யாரையும் திட்டுவதை விட்டுவிட்டேன்."

சாப்பாடு மேற்குக் கடலோரம், நான்கு மேசை போட்ட ஒரு தகரக் கூரைக் கடை. எனக்குக் கோழி கொலம்போ. கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், கூடவே வறுத்த அரிசி சேர்த்து அரைத்த பொடி. காரம் தனியாக வரும், முழு மிளகாயாகத் தட்டோரத்தில். அதைத் தெரியாமல் கடித்தால் பேச்சு வராது. மனைவி சைவம். மெனுவில் அவளுக்கு ஒன்றும் இல்லை. வழிகாட்டி எழுந்து சமையல்கட்டுக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார். சௌசௌவை மசித்துச் சீஸ் போட்டு ஓவன் அடுப்பில் வைத்து எடுத்ததும், வேகவைத்த ஈரப்பலாவும் வந்தது. நான் பாதியைத் திருடிச் சாப்பிட்டேன். கடைக்கு வெளியே பொக்கித் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் உப்பி வரும்போது பெரிய சைஸ் பூரிதான், ஆனால் நடுவே பிளந்து மீனைத் திணித்துவிடுகிறார்கள்.

புயாந்தில் பூமிச்சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று ஊர் நடுவில், வீடுகளை ஒட்டியே, புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் சுடுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் கழுத்தளவு நின்று அரட்டை அடிக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி மாலாந்தூர் கடற்கரை. கறுப்பு மணல், எதிரே பிஜ்யோன் குட்டித் தீவுகள். கடலுக்கடியில் படம் எடுத்த கூஸ்தோவின் பெயரில் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினேன். கீழே புல் மேய்ந்துகொண்டிருந்த ஆமை ஒன்று என்னைச் சட்டை செய்யவே இல்லை. மனைவி கரையில் மரத் தொட்டியைக் கையால் சுற்றித் தேங்காய் ஐஸ் கடையும் அம்மாவோடு சிநேகமாகிவிட்டாள். அந்த அம்மா தலையில் கட்டியிருந்தது மதராஸ் கட்டம் போட்ட துணி. இங்கே விசேஷ உடுப்பே அந்தத் துணிதான்.

திரும்பியது மலையைக் குறுக்கே வெட்டும் ரோட்டில். மழை பிடித்துக்கொண்டது, ரோட்டோர அருவிக்கு இறங்கவில்லை. இருட்டும்போது ஹோட்டல்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வழிகாட்டியைப் பிடிக்கும்போது எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள், எத்தனை இடம் காட்டுவார் என்று கேட்காதீர்கள். ஆங்கிலம் பேசுகிறவர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எல்லோருக்கும் வராது. அப்புறம் விசா. குவாதலூப் பிரான்ஸாக இருந்தாலும் ஐரோப்பாவின் பொது விசா வட்டமான ஷெங்கனுக்குள் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் வெறும் ஷெங்கன் சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு பொதுவாகப் போக முடியாது, கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லும் என்று விசாவில் இருக்க வேண்டும். பிரான்சின் வசிப்பிட அட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு, ஆனால் டிக்கெட் விலை ஏறியிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.