மாத்திரைக்கு அலாரம், ரிப்போர்ட்டுக்கு ஆபா: பெரியவர்களின் போனில் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறேழு மாத்திரை வந்துவிடும். அதையெல்லாம் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலியில் ஏற்ற ஒரு மாலைப்பொழுது முழுசாக வேண்டும். டாக்டர் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஃபிரிட்ஜ் கதவு, கைப்பை, தலையணைக்கு அடி, சாமி அலமாரி என்று வீட்டில் எங்கெங்கே மருந்து இருக்கிறதோ அத்தனையையும் எடுத்து வந்து ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். போன வருஷம் டாக்டர் நிறுத்திய மாத்திரை அதில் இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கவும் வாய்ப்பு அதிகம். பிரஷருக்கு இதய டாக்டர் டெல்மா 40 எழுதியிருப்பார், பொது மருத்துவர் டெல்மிகைண்ட் 40 எழுதியிருப்பார். அட்டையின் பின்பக்கம் படித்தால் இரண்டிலும் டெல்மிசார்டன்தான். செயலிக்கு இது தெரியாது. இரண்டுக்கும் ஒழுங்காக அலாரம் அடிக்கும். அதனால் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயரையும் தட்டச்சு செய்துவிடுங்கள். இரட்டிப்பு கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

பெயரைத் தட்டும்போது கீழே வரும் பட்டியலில் முதல் வரியைத் தொட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டெல்மா 40 வேறு, டெல்மா ஏஎம் வேறு, டெல்மா எச் வேறு. ஏஎம் என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரை சேர்ந்தது. அளவையும் பாருங்கள். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும். செயலி தானாக மில்லிகிராம் என்று போட்டு வைத்திருந்தால் 50 மைக்ரோகிராம், 50 மில்லிகிராம் ஆகிவிடும். அதாவது ஆயிரம் மடங்கு. விழுங்குவது என்னவோ அதே மாத்திரைதான். ஆனால் அவசரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இந்தப் பட்டியலைக் காட்டினால் டூட்டி டாக்டர் குழம்பிப் போவார். வெளிநாட்டுச் செயலிகளில் நம் ஊர் பிராண்டுகள் பல இருக்காது. அப்போது கையால் எழுதி, அட்டையை ஒரு படமெடுத்து அதோடு இணைத்துவிடலாம்.

அடுத்தது நேரம். சீட்டில் 1-0-1 என்றால் காலை, இரவு. ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். தூங்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். 'தினம் இருமுறை' என்று தேர்ந்தெடுத்தால் பல செயலிகள் காலை 8, இரவு 8 என்று தாமாகவே போட்டுக்கொள்ளும். ஒன்பதரைக்கு டிபன் சாப்பிடுகிற வீட்டில் எட்டு மணிக்கு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு அலாரம் அடித்தால் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு, அதையொட்டி அலாரத்தை வையுங்கள்.

தைராய்டு மாத்திரைக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், டிபனுக்கோ காபிக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டியது. ஆறு மணிக்கு மாத்திரை அலாரம், ஆறே முக்காலுக்கு 'இனி காபி குடிக்கலாம்' என்று இன்னொரு அலாரம். இந்த இரண்டாவது அலாரம் இல்லாத வீடுகளில் மாத்திரையும் ஃபில்டர் காபியும் ஒன்றாகவே உள்ளே போகும், மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை இதிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் தள்ளி, மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றி வையுங்கள்.

எஸ்.ஓ.எஸ். மருந்துக்கு அலாரமே வேண்டாம். 'தேவைப்படும்போது' என்ற பிரிவில் போட்டு, இரண்டு வேளைக்கு நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் குறிப்பில் எழுதுங்கள்.

இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயப்பட வேண்டிய இடம் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதைக் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். செயலியில் தானாக வந்து நிற்பதோ 'தினமும்'. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் சரிந்துவிடும்; உலகெங்கும் இந்தத் தவறால் உயிர்கள் போயிருக்கின்றன. 'மன்டே' என்று இருந்ததை 'மார்னிங்' என்று படித்ததால் நேர்ந்த விபத்துகள் பதிவாகியுள்ளன. 'குறிப்பிட்ட நாட்கள்' என்பதைத் தொட்டு, ஒரு கிழமையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு நாட்காட்டிப் பக்கத்தைத் திறந்து, மாதம் முழுக்க அந்தக் கிழமையில் மட்டும் புள்ளி இருக்கிறதா என்று வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் எந்த நாள் என்பதையும் டாக்டர் சொன்னபடி தனியாக ஏற்றுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு அளவை யூனிட்டில்தான் எழுத வேண்டும், மில்லியில் எழுதக் கூடாது. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. மூடி நிறத்தைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். திறந்த இன்சுலினில் பல வகை 28 நாளைக்குத்தான். திறந்த தேதியைப் போட்டு ஒரு நினைவூட்டலும் வையுங்கள்.

கையிருப்பை அட்டைக் கணக்கில் போடாமல் மாத்திரைக் கணக்கில் போடுங்கள். ஓர் அட்டையில் 10 வரும், 15-ம் வரும். ஏழு நாளுக்குக் குறைந்தால் சொல்லும்படி அமைத்தால் வாங்க அவகாசம் கிடைக்கும். பாதி மாத்திரை என்றால் 0.5. காலாவதி தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். மெடிக்கலில் ஐந்து மாத்திரை வெட்டித் தரும்போது அந்த ஓரம் கடையிலேயே நின்றுவிடும். வெட்டுமுன் படமெடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி பிராண்டுகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயம் என்பதால், அவற்றை ஸ்கேன் செய்து பேட்ச் எண்ணையும் காலாவதியையும் பார்க்கலாம்.

எல்லாம் ஏற்றிய பிறகும் அலாரம் அடிக்காமல் போகும். குறை பெரும்பாலும் செயலியில் இருக்காது, போனின் பேட்டரி சேமிப்பில் இருக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, பேட்டரி என்று உள்ளே போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக இருந்தால் அதையும் இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்கும். முதல் நாள் அவசரத்தில் 'டோன்ட் அலவ்' தொட்டிருந்தால் பிறகு சத்தமே வராது. ஆண்ட்ராய்டு 12-ல் வந்த 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' அனுமதியையும் சரிபாருங்கள். 14-ல் புதிதாக நிறுவும் பல செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்துவிட்டால், மறுபடி திறக்கும்வரை அலாரம் கிடையாது. சில போன்களில் எல்லாச் செயலியையும் மேலே தள்ளி மூடுவதே இதற்குச் சமம். சோதிக்க ஐந்து நிமிடம் போதாது. போன் ஆழ்ந்து உறங்க நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி அலாரம் வைத்து, திரையை அணைத்து, தொடாமல் மேசையில் வைத்துப் பாருங்கள்.

'எடுத்தாச்சு' பொத்தானை விழுங்கிய பிறகே தொட வேண்டும். சத்தம் நிற்கட்டும் என்று முதலில் தொட்டுவிட்டால், அரை மணி கழித்துப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அந்தத் திரையில் விடை இருக்காது. விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரண்டாகப் போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுக் குறிப்பில் எழுதுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் போன் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே நகரும். அலாரமும் கூடவே நகர வேண்டுமா என்பதை விமானம் ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ரிப்போர்ட்டுகள். ஆபா என்பது மருத்துவப் பதிவுகளை இணைத்துப் பார்க்க மத்திய அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு. ஆபா எண் 14 இலக்கம். அதோடு @ஏபிடிஎம் என்று முடியும் ஒரு முகவரியும் கிடைக்கும். ஆதார் ஓடிபி வழியாக உருவாக்கினால், ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். அது பத்து வருஷம் முன்பு தூக்கிப்போட்ட சிம்மாக இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவை இணைக்கும்போது போன் எண், பெயர், பாலினம், பிறந்த வருடம் நான்கையும் ஒப்பிடுவார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் இன்ஷியலில் வரும். ஆதாரில் 'மீனாட்சி எஸ்', ஆஸ்பத்திரியில் 'எஸ்.மீனாட்சி', லேபில் 'மீனாட்சி சுந்தரம்' என்று இருந்தால் 'பதிவு இல்லை' என்று வரலாம். பிறந்த வருடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் இதே கதி. ஓபி கவுன்டரில் ஆதாரைக் காட்டி அதேபோல் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை கவுன்டரில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஆபா செயலியால் ஸ்கேன் செய்தால் பெயர் ஆதாரில் உள்ளபடியே போகும், டோக்கனும் போனில் வரும்.

ரிப்போர்ட் ஆஸ்பத்திரியிலேயேதான் இருக்கும். நீங்கள் ஒப்புதல் தந்தால் மட்டும் அடுத்த டாக்டருக்குப் போகும். ஒப்புதல் திரையில் எந்தத் தேதி முதல் எதுவரை, எந்த வகை ஆவணம், எப்போது காலாவதி என்று மூன்று கேள்வி வரும். படிக்காமல் 'அப்ரூவ்' தொடாதீர்கள். மூட்டு வலிக்குப் போன இடத்தில் ஐந்து வருஷ மனநல சிகிச்சைக் குறிப்பைக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

எல்லா ஆஸ்பத்திரியும் லேபும் இதில் சேரவில்லை. மீதிக்குப் படம்தான். ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவதால் நாளடைவில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுங்கள். ரத்த ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எடுக்காமல் அலகும் இயல்பு அளவும் தெரிய முழுப் பக்கத்தை எடுங்கள். கோப்பின் பெயர் வருடத்தில் தொடங்கினால் தானாக வரிசையில் நிற்கும். சர்க்கரை அளவின் அலகு மில்லிமோலில் இருந்தால், நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும்: 7 என்றால் 126.

டாக்டர் மருந்தை மாற்றினால் மெடிக்கலில் நிற்கும்போதே செயலியில் மாற்றிவிடுங்கள். பழையதை அழிக்காமல் 'நிறுத்து' என்று தேதியோடு வையுங்கள். எது எப்போது நின்றது என்று அடுத்த டாக்டர் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய அட்டையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.