நகல் முடிந்தது என்று எப்போது சொல்வது? முன்னேற்றப் பட்டை எழுதிப் பார்த்த அனுபவம்

தங்கையின் திருமணக் காணொளி 2.8 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவுக்காக அதைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். திரையில் பட்டை நிரம்பியதும் அவர் டிரைவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சியில் படம் பாதியிலேயே நின்றுவிட்டது. “நூறு காட்டுச்சேப்பா” என்று தொலைபேசியில் கேட்டார். அவர் பார்த்தது சரிதான். முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டியது மென்பொருளின் தவறு. அந்த வருத்தத்தில், லினக்ஸ் கணினியில் பைதான் என்ற நிரல்மொழியும், சாளரம், பட்டை போன்றவற்றை அமைக்கும் கியூட்டி என்ற நிரல் தொகுப்பைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைசைடு 6-உம் கொண்டு, நகலெடுக்கும் சிறிய மென்பொருள் ஒன்றை மூன்று வார இறுதிகளில் எழுதினேன்.

பைதானில் உள்ள ஆயத்த நகல் செயற்கூறு இடையில் எவ்வளவு முடிந்தது என்று சொல்வதில்லை. ஆகவே 64 கேபி படித்து 64 கேபி எழுதும் சுழற்சியை நானே எழுதினேன். அது சாளரத்தை உறைய வைத்ததால், சாளரத்தோடு இணையாக ஓடும் தனி இழைக்கு (த்ரெட்) மாற்றி, எழுதிய அளவைச் சிக்னல் எனும் அறிவிப்பு வழியாகச் சாளரத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிக்னல் என்றால் இந்தக் கோப்புக்கு மட்டும் 40,000-க்கும் மேல் வருகிறது. கண்ணுக்கு அது தேவையில்லை என்பதால் நொடிக்கு 10 என்று கட்டுப்படுத்தினேன். கியூட்டியின் பட்டை 32 பிட் முழு எண்ணை மட்டுமே ஏற்கும். பைட் கணக்கை அப்படியே கொடுத்தால் 2,147,483,647-ஐத் தாண்டியதும் கணக்கு உடைந்துவிடும். எனவே பட்டையின் எல்லையை 0 முதல் 1000 வரை வைத்து, ஆயிரத்தில் எத்தனை பங்கு முடிந்தது என்று கணக்கிட்டுக் கொடுத்தேன்.

இரண்டாம் வார இறுதியில்தான் உண்மையான சிக்கல் கண்ணில் பட்டது. பட்டை முதல் 1 ஜிபியைச் சில நொடிகளில் கடந்து, பிறகு தவழ்ந்து, மூன்றேகால் நிமிடத்தில் நிரம்பியது. ஆனால் பென் டிரைவின் விளக்கு அதன் பின்னரும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் மின்னிக்கொண்டே இருந்தது. ‘எழுது’ என்று நிரல் கேட்கும்போது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே ‘ஆயிற்று’ என்று பதில் தருகிறது. டிரைவுக்குப் பின்னர் சாவகாசமாக எழுதுகிறது. இப்படிக் காத்திருக்கும் தரவு, இருக்கும் நினைவகத்தில் 20 சதவீதத்தை எட்டாதபடி, எழுதும் நிரலையே அது காக்க வைக்கிறது. லினக்ஸில் வழக்கமாக அமைந்திருக்கும் அளவு அது. என் கணினியின் நினைவகம் 8 ஜிபி. அதனால்தான் முதல் 1 ஜிபி அவ்வளவு வேகமாகக் கடந்தது. நகல் ஓடும்போது, நினைவகத்தின் நிலையைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் ‘டர்ட்டி’ என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருந்தால், இன்னும் போய்ச் சேராத தரவின் அளவு அங்கே அப்படியே தெரிகிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது அப்பாவின் படம் எங்கே நின்றது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஆகவே 16 எம்பிக்கு ஒருமுறை, காத்திருக்கும் தரவை உடனே டிரைவில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் என்ற கட்டளையை அழைத்து, டிரைவில் எழுதியாயிற்று என்ற பதில் வந்த பின்பே அந்த அளவைக் கணக்கில் சேர்க்கிறேன். கோப்பு முதலில் ‘பார்ட்’ என்ற பின்னொட்டோடு இருக்கும். முழுவதும் சேர்ந்த பிறகே உரிய பெயர் பெறும். அதன் பிறகு டிரைவை அன்மவுன்ட் செய்து (கணினியிலிருந்து முறைப்படி விடுவித்து), அது வெற்றியடைந்தால் மட்டும் ‘இப்போது கழற்றலாம்’ என்று காட்டுகிறேன். பட்டை இப்போது தொடக்கத்திலிருந்தே நொடிக்கு ஏறத்தாழ 9 எம்பி வேகத்தில் நகர்கிறது. முன்பிருந்த பாய்ச்சல் இல்லாததால் மெதுவாகத் தோன்றினாலும், மொத்த நேரம் சில நொடிகளே கூடியிருக்கிறது.

கிறிஸ் ஹாரிசனும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை நெருங்கும்போது வேகமெடுக்கும் பட்டை சீக்கிரம் முடிந்ததாக மக்களுக்குத் தோன்றியது. கடைசியில் தயங்கி நிற்கும் பட்டை நீண்டதாகத் தோன்றியது. கடைசியில் வேகமெடுக்கும் அந்த நகர்வை என் பட்டையிலும் வைக்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். காத்திருப்பது மட்டுமே பயனரின் வேலையாக உள்ள இடத்தில் அது பொருந்தக்கூடும். பட்டையைப் பார்த்து டிரைவைக் கழற்ற முடிவெடுக்கும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மீதி நேரத்தைக் கணிக்க, புதிய வேகத்துக்கு 0.1, பழைய சராசரிக்கு 0.9 என்று எடை கொடுத்தேன். முதல் 5 நொடிகளில் எந்த நேரத்தையும் காட்டுவதில்லை. பிறகு ‘சுமார் 4 நிமிடம்’ என்று முழு நிமிடங்களில் மட்டும் காட்டுகிறேன்.

ஒளிப்படக் கோப்புறைகள் இன்னும் சரியாகவில்லை. 2,000 சிறிய கோப்புகளில் ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் அழைத்தால் நகல் மிகவும் மெதுவாகிறது. இருபது இருபதாகச் சேர்த்து அழைத்தால் வேகம் தேறுகிறது, ஆனால் பட்டை விட்டு விட்டுத் தாவுகிறது. தற்போதைக்குப் பட்டையின் கீழ் ‘2,000-இல் 340 கோப்புகள் சேர்ந்தன’ என்ற வரியை வைத்திருக்கிறேன்.